எனக்காக மதினி கேட்ட வேலை

மாரியாத்தாளை நம்பி வாழ்கிற அக்கா தங்கச்சிகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் காளீஸ்வரி எழுதுவது. எனக்கு அழகாக எழுதத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அம்மன் எனக்கு அருள் செய்தாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அருளை நினைக்கிறபோதெல்லாம் முதலில் அழுகைதான் வருகிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பாதியைச் சொன்னால் அது சாட்சி ஆகாது.

எங்கள் வீடு திருத்தங்கலில் ஒரு காலனித் தெருவில் இருக்கிறது. அப்பா அச்சாபீஸ்களுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். நான் விமானி வேலைக்குப் படித்தேன். அரசு உதவித்தொகையும் அப்பா பட்ட பாடும் சேர்ந்து என்னைப் படிக்க வைத்தன. வெளிமாநிலத்தில் சின்ன விமானத்தில் பறந்து பழகி, பரீட்சையெல்லாம் முடித்து, லைசென்ஸோடு நான் வந்து இறங்கிய அன்று எங்கள் தெருவுக்கே அம்மா கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

அடுத்த மாதமே பெரிய விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான் நினைத்தேன். லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் உண்மையான காத்திருப்பு ஆரம்பிக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. விமானக் கம்பெனிகள் எப்போதாவதுதான் புது ஆட்களைக் கூப்பிடும். கூப்பிட்டாலும் கொஞ்சம் பேரைத்தான் எடுக்கும். நாடு முழுக்க என்னைப் போல லைசென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கொஞ்ச இடத்துக்குப் போட்டி போடுவோம். பல கம்பெனிகள் முதல் கேள்வியே அனுபவம் இருக்கிறதா என்றுதான் கேட்கும். வேலையே கிடைக்காதவளுக்கு அனுபவம் எங்கிருந்து வரும்?

முதலில் விண்ணப்பித்த கம்பெனியிடமிருந்து பதிலே இல்லை. இன்னொன்றில் எழுத்துத் தேர்வில் போனது. மூன்றாவதில் எல்லாம் தாண்டி சிமுலேட்டர் வரைக்கும் போனேன். விமானத்தின் முன்பகுதி மாதிரியே இருக்கிற ஒரு அறைக்குள் உட்கார வைத்து ஓட்டச் சொல்வார்கள். அதுதான் சிமுலேட்டர். நடுவில் ஒரு இன்ஜின் நின்றுபோன மாதிரி வைத்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை கேட்கவில்லை. அப்படியொரு நடுக்கம். "தேங்க் யூ" என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்தேன். அப்பா பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவோடு நின்றார். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். என் பையை வாங்கி ஆட்டோவில் வைத்தார்.

அதற்குப் பிறகு தெருவில் நடக்கவே கூசியது. "ஏத்தா காளி, ஏரோப்பிளேன எப்போ ஓட்டப் போற?" என்று கேட்காத ஆள் இல்லை. சிலர் அக்கறையில் கேட்டார்கள். சிலர் சிரிப்பதற்காகவே கேட்டார்கள். என்னோடு படித்த சேலத்துப் பையன் விக்னேஷும் நானும்தான் போனில் பேசிக்கொள்வோம். அவனுக்கும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் எல்லாரும் யூனிஃபார்ம் போட்டுப் படம் போடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதற்கு வாழ்த்து எழுதுவோம். எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் விளக்குப் போடுவேன். "ஆத்தா, எனக்கு ஒரு வேலை கொடு." இதைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. அவளும் பதில் சொன்னதில்லை.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அந்த வருஷம் ஆடி முடிந்து தீபாவளி சீசன் சூடு பிடித்தபோது, அம்மாவோடு நானும் கம்பெனிக்குக் கிளம்பினேன். அம்மா முதலில் சம்மதிக்கவில்லை.

"இந்த வேலைக்கு நீ வரக் கூடாதுன்னுதானே உன்னப் படிக்க வச்சோம்?"

"சீசன் மட்டும்மா. ஏதாச்சும் கைவேலை இருந்தாத்தான் மனசு நிக்கும்."

அம்மாவுக்கு வேறொரு ரூமில் வேலை. என்னைப் பேக்கிங் ரூமில் விட்டார்கள். சரவெடியையும் மத்தாப்பையும் பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்டுகிற வேலை. வெடிமருந்தைக் கையால் தொடுகிற வேலை இல்லை என்று அம்மாவுக்கு ஒரு சமாதானம்.

அங்கே எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் முத்துமாரி மதினி. எங்கள் தெருதான், எதிர் வீடு. எங்களுக்குத் தூரத்துச் சொந்தமான தங்கராஜ் அண்ணனின் மனைவி. அண்ணன் திருத்தங்கலில் ஒரு அச்சாபீசில் மிஷின் ஓட்டுகிறார். கல்யாணமாகி வருஷங்கள் ஆகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை.

முதல் நாள் நான் உள்ளே போனபோது ஒருத்தி, "பைலட்டம்மா வந்துட்டாக, எல்லாரும் எந்திரிங்க" என்றாள். ரூமே சிரித்தது. மதினி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன்த்தா, அவ படிச்ச படிப்பை உங்க வீட்டுல எவ படிச்சிருக்கா? நாளைக்கு அவ ஓட்டுற பிளேன்ல உன்ன ஏத்த மாட்டா, பாத்துக்க."

அதோடு அந்தக் கேலி நின்றது. மதினிக்கு விமானத்தைப் பற்றிக் கேட்டு மாளாது. கை பாட்டுக்கு லேபிள் ஒட்டும். வாய் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"ஏ காளி, மேகத்துக்குள்ள போனா நனையுமா?"

"கண்ணாடி மூடியிருக்கும் மதினி. வெளியில தண்ணி வழியும்."

"அம்புட்டு உசரம் போயும் கதவ அடைச்சிக்கிட்டுத்தான் உக்காரணுமா? போ."

இன்னொரு நாள், "பைலட்டுக்குப் பயமே வராதா?" என்று கேட்டாள். வரும் என்றேன். சிமுலேட்டரில் கை நடுங்கிய கதையைச் சொன்னேன். வீட்டில்கூடச் சொல்லாத கதை அது. கேட்டுவிட்டு மதினி, "நடுங்குன கைதான் அடுத்த தடவ சூதானமா இருக்கும்" என்றாள். அவ்வளவுதான். ஆறுதல் என்று நீட்டி முழக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மட்டும் மதியச் சாப்பாடு கொண்டு வர மாட்டாள். தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். "என்ன வேண்டுதல் மதினி?" என்று கேட்டால், "சொல்லக் கூடாது, பலிக்காது" என்று சிரிப்பாள். பிள்ளை வரம் கேட்கிறாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

புரட்டாசி பிறந்தது. ஆர்டர் குவிந்து கிடந்தது. வெயில் சித்திரை மாதிரி அடித்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போவோம். ஒரு நாள் காலை வேலை சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருந்தபோது வாட்ச்மேன் ஆள் அனுப்பினார். என் போன் விடாமல் அடிக்கிறதாம். வடநாட்டு நம்பராம்.

நான் போர்மேனைப் பார்த்தேன். அவர் முகம் சுளித்தார். மதினி, "போய்ட்டு வா காளி, உன் அடுக்கை நான் பாத்துக்கிடுதேன்" என்று என் பெட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கேட்டுக்கு ஓடினேன். ஒரு விமானக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். என் விண்ணப்பம் முதல் கட்டம் தாண்டியிருக்கிறது, தீபாவளிக்குப் பிறகு டெல்லியில் தேர்வு, வர முடியுமா என்று கேட்டாள். போனை இடது காதில் வைத்திருந்தேன். வலது காது ரூம்கள் இருந்த பக்கம். "யெஸ் மேடம்" என்றேன்.

அதற்குப் பிறகு சத்தம் கேட்டதா என்று எனக்கு ஞாபகமே இல்லை. யாரோ பெரிய கையால் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மண்ணில் கிடந்தேன். எழுந்து பார்த்தால் ரூம்கள் இருந்த இடத்தில் வெள்ளைப் புகை. அதற்குள் பச்சையும் சிவப்புமாகப் பட்டாசுகள் தங்கள் பாட்டுக்கு வெடித்துக்கொண்டிருந்தன. வாட்ச்மேன் என் முன்னால் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா என்று கத்திக்கொண்டு ஓடினேன். அம்மா எதிரே ஓடி வந்தாள். தலைமுடி முழுக்க மண். அவள் இருந்த ரூம் தள்ளி இருந்ததால் தப்பித்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தடவித் தடவிப் பார்த்தோம். அப்போதுதான் என் வலது காதிலிருந்து ரத்தம் வடிவதை அம்மா பார்த்தாள்.

பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிற ரூமில் தீப்பிடித்திருக்கிறது. அடுத்திருந்த எங்கள் பேக்கிங் ரூமின் சுவர் சாய்ந்து, உள்ளே அடுக்கியிருந்த சரக்கும் பிடித்துக்கொண்டது. முத்துமாரி மதினி அங்கேயே போய்விட்டாள். என்னைக் கேலி செய்தவளும் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் முகத்தைப் பார்க்க விடவில்லை. தங்கராஜ் அண்ணன் அச்சாபீஸ் மை காயாத கையோடு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் தெருவில் அன்று வீட்டுக்கு வீடு பந்தல். சாமியானா போடுகிறவரிடம் துணி தீர்ந்து, விருதுநகரிலிருந்து கொண்டு வந்தார்கள். ஒரு வீட்டில் அழுதுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். எல்லாச் சத்தமும் எனக்கு ஒரு பக்கமாகத்தான் கேட்டது. மறுபக்கம் ஒரு இரைச்சல், குக்கர் விசில் அடிக்கப் போகும்போது வருமே, அந்த மாதிரி. நிற்கவே இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைப் பார்த்து ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "ஆத்தா உன்ன வெளிய கூப்பிட்டுக் காப்பாத்திட்டா." மதினி வீட்டிலும் ஒரு பெரியம்மா அதையே சொன்னார். தங்கராஜ் அண்ணன் கேட்டுக்கொண்டு இருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அப்படியானால் ஆத்தா மதினியை ஏன் கூப்பிடவில்லை? என் அடுக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு இருந்தவள் அவள்.

அதோடு நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். விளக்குப் போடவில்லை. அம்மா கூப்பிட்டாள்.

"ஒரு எட்டு வந்து கும்பிட்டுட்டுப் போ புள்ள. உசுரோட இருக்கியே."

"எனக்கு அவ கூடப் பேச்சு இல்லம்மா."

அம்மா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் என்ன இருந்ததோ.

சிவகாசி டாக்டர் காதைப் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார். மதுரை டாக்டர் படம் வரைந்து காட்டினார். காதுச் சவ்வில் ஓட்டை. பெரிய ஓட்டை. தானாக மூடலாம், மூடாமலும் போகலாம். தை மாதம் வரைக்கும் பார்த்துவிட்டு, மூடவில்லை என்றால் ஆபரேஷன். தண்ணீர் படக் கூடாது, மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது.

"என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார்.

என்ன சொல்வதென்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தேன். அப்பா, "பைலட்டுங்க" என்றார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

விமானிகளுக்கென்று தனியாக மருத்துவச் சோதனை உண்டு. கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். அதில் தேறவில்லை என்றால் லைசென்ஸ் வெறும் காகிதம். இருந்த ஒரு கதவும் அடைத்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்போது அதற்காக அழுகைகூட வரவில்லை. அத்தனை பேர் போன தெருவில் நான் போய் என் காதுக்காக அழுவதா? டெல்லித் தேர்வுக்கான மின்னஞ்சல் வந்திருந்தது. திறக்கவே இல்லை.

மதினியின் கருமாதி முடிந்த மறுநாள் தங்கராஜ் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மொட்டையும் மழித்த முகமுமாக ஆளே மாறியிருந்தார். அம்மா காபி கொடுத்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"பரிச்சை எப்போ?" என்றார்.

"நான் போகல அண்ணே."

"ஏன்?"

"காது கேக்கல. மெடிக்கல்ல நிக்காது. போயி என்ன செய்ய?"

டம்ளரைக் கையில் உருட்டினார். பிறகு சொன்னார். "உங்க மதினி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தாளே, எதுக்குன்னு தெரியுமா?"

நான் தலையை ஆட்டினேன். எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

"பிள்ளைக்கு இல்லத்தா. அத அவ கேக்குறதை எப்பவோ விட்டுட்டா. உனக்கு வேலை கிடைக்கணும்னு கிடந்தா. நீ கம்பெனிக்கு வந்த மொத வாரத்துலயே ஆரம்பிச்சிட்டா. கிடைச்சிருச்சுன்னா பங்குனியில அக்கினிச்சட்டி எடுக்கேன்னு நேந்திருக்கா. 'அந்தப் புள்ள இங்கன உக்காந்து லேபிள் ஒட்டக் கூடாதுங்க'ன்னு எங்கிட்டச் சொன்னா."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"எனக்கும் ஆத்தா மேல கோவந்தான்" என்றார் அண்ணன். "மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுதான் இருந்தேன். ஆனா அவ நேந்ததை நான் செலுத்தணும். பூசாரிகிட்டக் கேட்டேன். வருஷம் திரும்புன பொறவு எடுக்கலாம்னு சொல்லிட்டாக. உனக்கு வேலை கிடைச்சாத்தான் நான் சட்டி எடுக்க முடியும். அவ கடைசியாக் கேட்டது இது ஒன்னுதான். நீ போ."

அதைச் சொல்லும்போது அவர் குரல் கெஞ்சவில்லை. கிட்டத்தட்ட அதட்டினார். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அந்த வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் கோயிலுக்குப் போனேன். பூசாரி நடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். கம்பிக் கதவு வழியாக அம்மன் தெரிந்தாள். வேப்பிலை வாடிக் கிடந்தது. முதலில் திட்டினேன். என்னென்னவோ சொல்லித் திட்டினேன். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகுதான் கேட்டேன்.

"ஆத்தா, எனக்குன்னு நான் இனிமே ஒன்னும் கேக்க மாட்டேன். கேக்கிற முகமும் எனக்கில்ல. அவ கேட்டாளே, அதைச் செய். சோறு திங்காமக் கேட்டாளே. அவளைக் காப்பாத்தல. அவ வார்த்தையையாவது காப்பாத்து."

அதுதான் நான் வாழ்க்கையில் செய்த உண்மையான முதல் பிரார்த்தனை. அதுவரைக்கும் செய்ததெல்லாம் விண்ணப்பம் போட்டதுதான். உடனே ஒன்றும் நடக்கவில்லை. மணி அடிக்கவில்லை, பூ விழவில்லை. காது அப்படியேதான் இரைந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தேன். வருகிறேன் என்று பதில் எழுதினேன்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருவில் ஒரு மத்தாப்புகூடக் கொளுத்தவில்லை. ஊருக்குள்ளிருந்து சத்தம் வந்தபோதெல்லாம் அம்மா காதைப் பொத்திக்கொண்டு சுவர் ஓரம் உட்கார்ந்தாள். எனக்குப் பாதிச் சத்தம்தான் கேட்டது. பழைய புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அம்மா சிவகாசி கடையில் வெள்ளியில் சின்னதாக ஒரு காது உரு வாங்கி வந்து மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் முன்னால் வைத்தாள். காது ஆறினால் கோயில் உண்டியலில் போடுவதாக வேண்டுதல்.

அப்பாவும் நானும் ரயிலில் டெல்லிக்குப் போனோம். எழுத்துத் தேர்வு தேறினேன். நேர்முகத்துக்கு முன்னால் விக்னேஷ் போனில், "காதைப் பத்தி வாயத் திறக்காத. மெடிக்கல் அப்புறந்தானே, அப்ப பாத்துக்கலாம்" என்றான். அவன் என் நல்லதுக்குத்தான் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஒரு பெண் கேப்டன். கடைசி மருத்துவச் சோதனைக்குப் பிறகு உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஒருத்தி பட்டினி கிடந்து கேட்ட வேலையைப் பொய் சொல்லி எப்படி வாங்குவது? சொல்லிவிட்டேன். பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன், வெடி விபத்து, வலது காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது, என்னோடு வேலை பார்த்தவர்கள் இறந்துபோனார்கள். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது. அந்தக் கேப்டன் ஏதோ குறித்துக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் சிமுலேட்டருக்குக் கூப்பிட்டார்கள். துணை விமானி வலது பக்கம் உட்கார வேண்டும். கேப்டன் இடது பக்கம். ஹெட்செட் மாட்டினாலும் எனக்கு எல்லாம் இடது காதில்தான் வந்தது. மறுபடியும் ஒரு இன்ஜினை நிறுத்தினார்கள். என் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. தைரியம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நடுங்குவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. செய்ய வேண்டியதை ஒன்றன் பின் ஒன்றாகச் செய்தேன். விமானம் நேராகப் போனது.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. தேர்வாகிவிட்டேன், ஆனால் மருத்துவச் சோதனையில் தேறிய சான்றிதழ் கொடுத்தால்தான் வேலை, மாசிக்குள் கொடுக்க வேண்டும். என் காதுக்காகத்தான் அந்த அவகாசம் கொடுத்தார்களா, எல்லாருக்கும் அப்படியா, எனக்குத் தெரியாது.

அந்தக் கார்த்திகையும் மார்கழியும் நான் பட்ட வேதனை யாருக்கும் வரக் கூடாது. ஒவ்வொரு தடவை மதுரைக்குப் போகும்போதும் டாக்டர் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்து, "பார்ப்போம்" என்பார். ஒரு தடவை சளி பிடித்து, காதில் சீழ் வைத்தது. "ஆபரேஷனுக்கு மனசைத் தயார் பண்ணிக்குங்க" என்றார். ஆபரேஷன் என்றால் மாசிக்குள் ஒன்றும் நடக்காது. வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே வார்த்தையைச் சொன்னேன். "அவ வார்த்தையைக் காப்பாத்து." வெள்ளிக்கிழமை நான் பட்டினி கிடந்தேன். எதிர் வீட்டில் தங்கராஜ் அண்ணனும் கிடந்தார். ஒருவருக்கொருவர் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

தை பிறந்து போனோம். டாக்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். கருவியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"மூடிக்கிச்சு" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "மூடிக்கிச்சுன்னா கேக்காதுங்களா?" என்று பதறினார்.

டாக்டர் சிரித்தார். "ஓட்டை மூடிக்கிச்சுங்க. இவ்வளவு பெரிசு தானா மூடறது உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனா சீழ் வச்ச பிறகு நான் எதிர்பார்க்கல."

அது இயற்கைதான் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். டாக்டரே உண்டு என்கிறார். ஆனால் யார் பட்டினிக்கு அது நடந்தது என்று எனக்குத் தெரியும்.

விமானிகளுக்கான மருத்துவச் சோதனைக்கு வெளியூர் போனேன். சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்துக் கதவை அடைத்தார்கள். காதில் மெல்லிய ஒலி வரும், கேட்டதும் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். இடது காது சுலபமாக முடிந்தது. வலது காதுக்கு வந்தார்கள். அந்த அமைதியில் என் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. ஒலி எது, இரைச்சல் எது என்று தெரியவில்லை. தெரியாமல் அழுத்தினால் தப்பு. அழுத்தாவிட்டாலும் தப்பு. வேர்த்துவிட்டது. கண்ணை மூடி, "ஆத்தா" என்றேன். அந்த இரைச்சலுக்கு அடியில், ரொம்பத் தூரத்தில், குருவி கத்துகிற மாதிரி ஒன்று வந்தது. அழுத்தினேன். மறுபடி வந்தது. அழுத்தினேன்.

தேறிவிட்டேன்.

வீட்டுக்குப் போன் பண்ணினேன். அம்மா போனை அப்பாவிடம் கொடுக்காமல் எதிர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். தங்கராஜ் அண்ணன், "சரித்தா" என்று மட்டும் சொன்னார். பிறகு போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பேரும் வைக்கவில்லை.

இப்போது நான் துணை விமானி. பயிற்சி முடிந்து வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. முதல் முறை மேகத்துக்குள் போனபோது கண்ணாடியில் தண்ணீர் ஓடியது. கேப்டன் பக்கத்தில் இருந்ததால் அழவில்லை. அம்மாவைக் கம்பெனிக்குப் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். அம்மா வாங்கி வைத்திருந்த வெள்ளிக் காது உண்டியலில் சேர்ந்துவிட்டது.

மதினியின் வருஷம் திரும்பியது. அடுத்து வந்த பங்குனிக்கு லீவு போட்டு ஊருக்கு வந்தேன். தங்கராஜ் அண்ணன் மஞ்சள் வேட்டி கட்டி, வேப்பிலை சுற்றிய சட்டியைக் கையில் ஏந்தினார். எங்கள் தெருப் பெண்கள் பலர் தீயைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கும் முதலில் கால் பின்னுக்கு இழுத்தது. அண்ணன் நடந்தார். நான் குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு பக்கத்தில் நடந்து, அவர் காலில் ஊற்றிக்கொண்டே போனேன். கோயில் வாசலில் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் அம்மனைப் பார்த்து, "அவ சொன்னதைச் செஞ்சிட்டேன். நீயும் செஞ்சிட்ட. மத்ததை நாம பொறவு பேசிக்கிடுவோம்" என்றார். நாங்கள் எல்லாரும் கேட்டோம். அவர் கோபம் இன்னும் தீரவில்லை. அம்மன் அதையும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறாள் என்று நம்புகிறேன்.

எனக்கும் ஒரு கேள்வி தீரவில்லை. மதினி ஏன் போனாள், நான் ஏன் இருக்கிறேன் என்பதற்கு அம்மன் பதில் சொல்லவில்லை. ஆத்தா என்னை வெளியே கூப்பிட்டுக் காப்பாற்றினாள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள், பக்கத்தில் பறிகொடுத்தவர்கள் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தனக்கென்று எதுவும் கேட்காமல் ஒருத்தி எனக்காகக் கேட்டாள். அதை அம்மன் கேட்டாள்.

விக்னேஷுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. போன வாரம்கூட ஒரு இடத்தில் போய்விட்டது. "எனக்கு எந்தச் சாமியும் இல்ல காளி" என்றான். அவனுக்காக வெள்ளிக்கிழமைகளில் நான் சாப்பிடுவதில்லை. அவனிடம் சொல்லவில்லை.

இதைப் படிக்கிற யாராவது, எங்கே போனாலும் கதவடைத்து, கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்குச் சொல்கிறேன். கோபம் இருந்தால் கோபத்தோடு போங்கள். நடை சாத்தியிருந்தால் கம்பிக்கு வெளியே நில்லுங்கள். உங்களுக்காகக் கேட்க வாய் வரவில்லை என்றால், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாள் விசாரியுங்கள். அதை அவளுக்காகக் கேளுங்கள். அவள் இருக்கும்போதே கேளுங்கள்.